லீவர் கீழே கிடந்தது

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் டிராக்டருக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்ததுதான். முகம்கூடக் கழுவவில்லை. மாதா கோயிலில் முதல் பூசைக்கு மணி அடிக்கவில்லை, மதினி எழுந்திருக்கவில்லை. கலப்பை முழுதாகத் தரையில் இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். ஆயில் வடிக்கிற நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஒரு கிண்ணம் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மறுபடி முடுக்கிவிட்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஆயில் கருப்பட்டிப் பாகு போல இருந்தது. இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தேன், நூல் விட்டது. மூக்கருகே கொண்டுபோனேன்.

மீன் எண்ணெய், அண்ணே.

தோணிகளைக் கரையேற்றி வைத்திருக்கிற இடத்தில், வெயிலில் கவிழ்த்துப் போட்ட வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த நாற்றம். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய் பழசாகிப்போனால் வருவது. நம் தெருவில் பிறந்த யாரும் அதை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த எண்ணெயை நீ ஊற்றியபோது புனலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

வருகிற கார்த்திகையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. வருஷப் பூசைக்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்த மறுநாள் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒருவர் டிராக்டரைப் பார்க்க வருகிறார். லிஃப்ட் வேலை செய்தால் ஓட்டுவதற்கு எடுத்துக்கொள்வாராம், இல்லாவிட்டால் பிரித்து உதிரிப் பாகமாக. கொல்லையில் அது நிற்கிற வரைக்கும் தனக்குத் தூக்கம் வராது என்கிறாள் மதினி. அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் லீவரை நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, இந்த வயசு வண்டிக்கு மெட்ராஸில்கூடக் கிடைக்காது என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்றேன். காலேஜில் பிள்ளைகளுக்கு பிஸிக்ஸ் நடத்துகிறதும் இதுவும் ஒன்றா என்று மதினி கேட்டாள். ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

நீ வாங்கியபோதே அந்த வண்டிக்கு இருபது வயசு. புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் நேராகக் கரையில் அணைய ஆரம்பித்ததும், நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்குச் சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டு போன உங்கள் லாஞ்சுக்கு வேலை குறைந்துபோனது. அத்தனை வருஷம் அதன் இஞ்சின் அறையில் நின்றவன், ஒரு நாள் சாப்பிடும்போது, திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற நம் புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கரிசல் நிலம் பார்த்திருப்பதாகச் சொன்னாய். அதுவரைக்கும் நம் வீட்டு ஆட்களுக்கு நிலம் என்று இருந்தது கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான். நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பேச்சிமுத்துவை டிரைவராக வைத்தாய். ஏரல் பக்கத்து ஆற்றுப் பாசன ஊர்க்காரன், மாட்டோடும் அப்புறம் டிராக்டரோடும் சேற்றில் கிடந்தவன். அவனுக்கு நீ வழி சொன்னதெல்லாம் கடல் பாஷையில். மேற்கே திருப்பு என்று உன் வாயில் வராது, கச்சான் பக்கம் திருப்பு என்பாய். வடக்கு உனக்கு எப்போதும் வாடை. முதல் வாரம் அவன் விழித்தான். இரண்டாவது வாரம், “நங்கூரத்த எங்கன போடணும்னு மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டிருதேன்” என்றான். வரப்பில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்ததும் வரப்பை விட்டு இறங்கித் தனியாக வயலைச் சுற்றி வந்தாய். நான் அதைக் கவனித்தேன். வேலை தெரியாதவனாக ஒருவன் முன்னால் நிற்கிற பழக்கம் உனக்கு இல்லை.

இஞ்சின் விஷயத்தில் அவன் உன் பக்கத்தில் வர முடியாது. லாஞ்சில் இல்லாத ஒன்று டிராக்டரில் இருந்தது, அதுதான் சங்கடம். பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர். மேலே தள்ளினால் ஆயில் அழுத்தத்தில் இரண்டு இரும்புக் கைகள் எழுந்து கலப்பையைத் தூக்கும். கீழே தள்ளினால் உள்ளே ஒரு வால்வு திறந்து ஆயில் வடியும், கலப்பை தன் கனத்தில் தானே இறங்கும். இறங்குவதற்கு இஞ்சின் ஓட வேண்டும் என்றுகூட இல்லை. அந்த வண்டியில் கியருக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். இதையெல்லாம் உனக்குச் சொன்னது பேச்சிமுத்துதான்.

எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த வருஷம் அது. மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றோம். ஒரு நாள் பேச்சிமுத்து அளவுக் கம்பியை உருவிக் காட்டி, ஆயில் இரண்டு விரல் குறைகிறது, ஊற்றாமல் ஓட்ட வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனான். நீ கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு தகர டின்னோடு வந்தாய். உன் வேட்டித் துண்டைக் கிழித்துப் புனலில் விரித்து, “இதப் பிடிளா” என்றாய். பிடித்தேன். இது என்ன எண்ணெய் என்று கேட்டேன். கடல் தண்ணீரில் கிடக்கிற மரத்தையே காப்பாற்றுகிற எண்ணெய் இரும்பைக் காப்பாற்றாதா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “பேச்சிமுத்துட்ட சொல்லாத. ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்” என்றாய்.

நான் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டில் அந்த எண்ணெயை எதற்குத்தான் போடவில்லை. கதவுக் கீலுக்கு, சைக்கிள் செயினுக்கு, மழைக்காலத்தில் செருப்புக்கு. வேறு யாராவது இருந்திருந்தால், உழவர் வீட்டுப் பிள்ளை யாராவது அந்தப் புனலைப் பிடித்திருந்தால், அந்த வாசனைக்கே கையை இழுத்திருப்பார்கள். நமக்கு அது பிறந்த வீட்டு வாசனை.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி. இரண்டு மழைக்கு நடுவே மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழுது விதைத்துவிட வேண்டும் என்று நீ மூன்று நாளாக வயலிலேயே கிடந்தாய். காலேஜுக்கு விடுமுறை என்று நான் சோறு கொண்டுவந்தேன். உடைமரத்து நிழலில் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு என்னால் இப்படிச் சொல்ல முடியவில்லை.

கலப்பையில் மண்ணைக் கீறுகிற கொழு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை முடுக்குவதற்காக வண்டியை வரப்போரம் நிறுத்தச் சொன்னாய். பேச்சிமுத்து இறங்கினான், நீ ஏறினாய். கலப்பையை இறக்க லீவரைக் கீழே தள்ளினாய். அது இறங்கவில்லை. ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, நான் இருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாய். இஞ்சினை நிறுத்தினாய். அப்போதும் இறங்கவில்லை. சவம், கலப்பை தூக்குன மேனிக்கே நிக்கட்டும் என்று முனகிக்கொண்டே குதித்து இறங்கி என்னிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாய். மதினியின் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டாய். நான் சொன்னேன், அது நீளமான கதை. நடுவில் இரண்டு கேள்வி கேட்டாய். ஒரு பீடி பற்ற வைத்து முடித்தாய். அப்புறம் போய்க் கலப்பைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, அந்தக் கொழுவுக்கு அடியில் வலது கையைக் கொடுத்து நட்டைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஸ்பானரை எடு என்று பேச்சிமுத்துவிடம் சொன்னாய். ஸ்பானர் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது. அவன் சக்கரத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, சீட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கையை விட்டான்.

அப்போது விழுந்தது.

லாஞ்சில் இருந்த காலத்தில், தொங்குகிற சரக்குக்கு அடியில் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டாய். நிற்கிறவனைச் சட்டையைப் பிடித்து இழுப்பாய் என்று உன் கூட்டாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கயிறும் கொக்கியும் உன் கண்ணுக்குத் தெரிந்தன, அதனால் சந்தேகப்பட்டாய். இந்த வண்டியில் எதுவும் வெளியே தெரியவில்லை.

உன் நாலு விரலும் போனது. கட்டை விரல் மிஞ்சியது. பேச்சிமுத்து குதித்து ஓடிவந்து, தன் ஒருவன் பலத்தில் கலப்பையின் ஒரு பக்கத்தை எப்படித் தூக்கினான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பக்கத்து வயல்களிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ ஏறிப் பார்த்தார்கள். லீவர் கீழே கிடந்தது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

துண்டில் சுற்றிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரப்பில் சாய்ந்திருந்தாய். உதடு வெளுத்திருந்தது. நான் லீவர மேலதான் வச்சிருந்தேன் என்றாய். “இரும்பு தானா விழாதுலே. தொட்டாத்தான் விழும்” என்று அவனைப் பார்த்துச் சொன்னாய். அப்புறம் என் பக்கம் திரும்பினாய்.

“ஏளா, நீ பாத்தல்லா. இவன் கை எங்கன இருந்துச்சு?”

“லீவர் பக்கத்துல இருந்துச்சு.”

அவ்வளவுதான் நான் சொன்னது. நீ தொட்டானா என்று கேட்கவில்லை, நானும் தொட்டான் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்ற அத்தனை பேரும், படித்த பொம்பளை கண்ணால் பார்த்துச் சொல்லுதா என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கும் தெரியும். ஒருவன் பேச்சிமுத்துவைக் கன்னத்தில் அறைந்தான். அவன் தடுக்கவில்லை. அவன் என்னைத்தான் பார்த்தான். “ஸ்பானர எடுக்கத்தான் சாஞ்சேன் அக்கா. லீவர நான் தொடல” என்றான். நான் உன் கையிலிருந்து சொட்டுகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனே திருநெல்வேலி ரோட்டுக்கு ஓடி, குறுக்கே நின்று ஒரு லாரியை நிறுத்தினான். உன்னைத் தூக்கி ஏற்றியதும் அவன்தான். லாரியில் ஏற அவனை விடவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் டிராக்டர் கொடுக்கவில்லை. முதலாளி கையை நசுக்கினவன் என்று பேர். கோபத்தில் வேண்டுமென்றே செய்தான் என்றுகூட ஒரு கதை கிளம்பிற்று, நங்கூரம் என்று கேலி செய்ததையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். நீ அந்தக் கதையைச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. வண்டியை வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்தாய். கலப்பையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தாய். லிஃப்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாய். அப்புறம் அந்த வண்டி எருவும் மணலும் இழுத்ததோடு சரி. ஆயில் மாற்றவே இல்லை.

போன கார்த்திகையில் உன்னை நடு வீட்டில் கிடத்தியிருந்தபோது அவன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் கேட்டுக்கு வெளியே நின்றான். மதினியின் அண்ணன் போய் ஏதோ சொன்னார். அவன் அங்கேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வெளியே போய் அவனைக் கூட்டிவர எனக்குப் பத்து அடி தூரம். நான் போகவில்லை. இப்போது உப்பளத்தில் இருக்கிறான். காலேஜ் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. காலில் பழைய டியூப் ரப்பரைக் கட்டிக்கொண்டு உப்பு வாருவதை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பஸ்ஸில் மறுபக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். நீ போவதற்கு ஒரு மாதம் முன்னால் இருக்கும். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன், தலையைத் தூக்காமல் கேட்டாய்.

“நான் எறங்கும்போது லீவர் எங்கன இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்காளா?”

எந்த லீவர் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்போது எதற்கு அது, சாப்பிடு என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. மீனில் உப்பு அதிகம் என்று மதினியிடம் சொன்னாய். அன்றைக்கு நான் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து யோசித்திருந்தால், நீ ஏறியதிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பார்த்திருந்தால், நாம் இரண்டு பேரும் சேர்ந்தே இதைக் கண்டுபிடித்திருப்போம். பேச்சிமுத்துவிடம் அதைச் சொல்ல உனக்கு ஒரு மாதம் இருந்தது.

நேற்று சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்குக் கொத்து வேலைக்கு வந்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கலப்பையை வண்டியில் மாட்டினேன். உன் பெட்டியில் கிடந்த டிராக்டரின் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், பக்கங்களில் உன் கிரீஸ் விரல் அடையாளம் இருந்தது, நாலு விரலும். லிஃப்ட் பழுதுக்கு அதில் ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள். அவசரப்பட்டு எதையும் கழற்றாதே, ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாகத் தள்ளு என்று. பிள்ளைகளுக்கு லேபில் நான் சொல்வதும் அதுதான்.

முதலில் பம்ப். இஞ்சினைக் கிளப்பி லீவரை மேலே தள்ளினேன். கலப்பை திணறித் திணறி எழுந்தது. ஆனால் எழுந்தது. பம்ப் போயிருந்தால் அது அசைந்திருக்காது. மெக்கானிக் வந்த நேரத்தில் வால்வு இறுகிப்போய் நின்றிருக்க வேண்டும், இப்போது புரிகிறது. கொத்துக்காரர்கள் கருங்கல் துண்டுகளை அடியில் அடுக்கித் தந்துவிட்டுப் போனார்கள். இஞ்சினை நிறுத்தினேன். இரண்டாவது, கலப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிற ஆயில் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிந்தால் கலப்பை மெல்ல மெல்லத் தாழும். ஒரு கொழுவுக்குப் பக்கத்தில் அடிக்குச்சியை நிறுத்திவைத்து, முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. அப்படியானால் லீவரை மேலே வைத்திருந்தால் அது விழாது. உன் பேச்சை நம்பினால் பேச்சிமுத்து தொட்டிருக்கத்தான் வேண்டும். அந்த இடத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது சோதனைக்காக லீவரைக் கீழே தள்ளினேன். உடனே இறங்க வேண்டும். இறங்கவில்லை.

நான் இறங்கி, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வண்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. தெருவிலிருந்து கொல்லைக்கு வரும் கதவைத் தாழ் போட்டிருந்தேன். மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். கலப்பை அந்தரத்தில் அப்படியே நின்றது. மதினி அடுக்களையிலிருந்து, என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்றேன். ஏழு. எனக்கு அந்த மாப்பிள்ளை வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. அதை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன், நீ கேட்ட கேள்விகளோடு. அப்புறம் ஒரு பீடி குடிக்கிற நேரம். பத்து. எழுந்து போய் லீவரைப் பார்க்கலாமா என்று தோன்றியது, நாற்காலியை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில், யாரும் தொடாமல், ஒரு சின்னச் சத்தம்கூட முன்னால் வராமல், அது விழுந்தது. கருங்கல் இரண்டாகப் பிளந்தது.

மதினி ஓடிவந்தாள். கல் சரிந்துவிட்டது என்று சொன்னேன்.

அவள் உள்ளே போன பிறகு மறுபடி தூக்கினேன். ஒரு தடவை நடந்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டாவது தடவை ஒன்பது நிமிஷம் எடுத்தது. மூன்றாவது தடவை, ஆயில் நன்றாகச் சூடேறியிருந்ததாலோ என்னவோ, நாலு நிமிஷம். வால்வு ஒட்டிக்கொள்கிறது, பிறகு தானாக விடுபடுகிறது, அவ்வளவுதான். ஒட்டுகிற எது உள்ளே போனது என்றுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் இன்று காலை அடியில் படுத்தேன். காற்றும் சூடும் பட்டால் அந்த எண்ணெய் பிசினாக இறுகும், இறுகுவதால்தான் தோணியின் மரத்தில் தண்ணீர் ஏறாமல் காக்கிறது. தலைமுடி நுழையாத இடைவெளியில் வழுக்கி ஓட வேண்டிய வால்வுக்குள் நாம் அதை ஊற்றினோம். நீ ஊற்றினாய், நான் புனல் பிடித்தேன்.

நீ தெரிந்தே பொய் சொன்னாயா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்து சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே தள்ளியும் கலப்பை இறங்காததால், லீவரை மறுபடி மேலே வைத்துவிட்டதாக நீ நம்பியிருப்பாய். வலியில் இருந்தவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணம் உன் டின்னுக்குள் இருந்து வந்ததாக இருந்தால் உன்னால் தாங்கியிருக்க முடியாது, அதுவும் அந்த வரப்பில், அவர்கள் எல்லார் முன்னாலும். ஒரு வருஷம் கழித்து உனக்கே சந்தேகம் வந்து என்னிடம் கேட்டாய். நான் சாப்பிடு என்றேன். உன்மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு நேரம் குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

காலைப் பூசை முடிந்து வந்து மதினி கேட்டாள், பழுது பிடிபட்டதா என்று. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “அவுக பேர இனி ஒருத்தரும் இழுக்கக் கூடாது. சரியாக்கி அனுப்பிரு, போதும்” என்றாள். அவள் டிராக்டரைப் பற்றித்தான் சொல்கிறாளா, அல்லது நேற்று நான் சொன்ன கல் சரிந்த கதையை நம்பவில்லையா, தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால் அரை நாள் வேலை. ஆயிலை மாற்றிவிட்டால் லிஃப்ட் புதுசு போல இறங்கும். கயத்தாறுக்காரர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார். அதன் பிறகு பேச்சிமுத்து தொடவில்லை என்பதற்கு உலகத்தில் என் வாயைத் தவிர ஒன்றும் இருக்காது. என் வாய் ஏற்கெனவே ஒரு தடவை பேசியிருக்கிறது.

அதனால் அண்ணே, நான் அதைக் கழுவப் போவதில்லை. வருஷப் பூசை முடிகிற வரைக்கும் அந்த வால்வு ஒட்டியபடியே இருக்கும். செவ்வாய்க்கிழமை பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளத்துக்குள் நடந்து போய், பூசைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிப் பேச்சிமுத்துவைக் கூப்பிடுவேன். அவன் முகத்தில் துப்பினாலும் நின்று கூப்பிடுவேன். புதுக்கோட்டை வயல்காரர்களையும் சொல்லி அழைப்பேன், அன்றைக்கு அறைந்தவனையும் சேர்த்து. எல்லாரும் கொல்லையில் சாப்பிட்டுக் கை கழுவும்போது இஞ்சினைக் கிளப்பிக் கலப்பையைத் தூக்குவேன். இஞ்சினை நிறுத்தி, எல்லாரும் பார்க்க லீவரைக் கீழே தள்ளிவிட்டு, வண்டியை விட்டுத் தள்ளி வந்து நிற்பேன். யாரையும் கிட்டே விட மாட்டேன்.

அது எப்போது விழும் என்று எனக்குத் தெரியாது. நாலு நிமிஷமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். விழுந்த பிறகு நான் பேசினால், இரும்பு சாட்சி சொன்னது, இவள் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள் என்று ஆகிவிடும். அது விழுவதற்கு முன்னாலேயே, கலப்பை இன்னும் அந்தரத்தில் நிற்கும்போதே, மதினியும் உன் பிள்ளைகளும் கேட்க நான் சொல்லியாக வேண்டும்: பேச்சிமுத்து தொட்டதை நான் பார்க்கவில்லை, லீவரைக் கீழே தள்ளியது என் அண்ணன், அதை நான் பார்த்தேன்.